அவேரோன் போகலாமா? பிரான்சின் ஆட்டுக்கார நாட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள் நாலாம் நாள் கேட்பார்கள்: "ஈஃபில் பார்த்தாச்சு, லூவ்ர் பார்த்தாச்சு. கிராமப்புறமாக எங்கேயாவது சொல்லுங்களேன்." நான் சொல்வது எப்போதும் ஒரே பெயர்தான், அவேரோன். சொன்ன பிறகு அவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அவேரோன் எங்கே இருக்கிறது? பெயரே கேள்விப்பட்டதில்லையே?

பிரான்சின் தெற்குப் பாதியில், தூலூஸுக்கும் மோன்பெலியேவுக்கும் நடுவே, கொஞ்சம் வடக்கே தள்ளி இருக்கிற மாவட்டம். மாவட்ட எண் 12, தலைநகர் ரொதேஸ். புரட்சிக்கு முன்பு இந்தப் பகுதிக்கு ரூவேர்க் என்று பெயர். வயதானவர்கள் வாயில் அது இன்னும் வரும். பரப்பு 8,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் மக்கள்தொகை மூன்று லட்சத்தைத் தொடவில்லை. மனிதரைவிட ஆடுகள் அதிகம் என்று சொன்னால் விளையாட்டுப் பேச்சில்லை, கணக்கே அப்படித்தான்.

கேள்விப்படாததற்குக் காரணம் உண்டு. இங்கே கடல் இல்லை, பெரிய நகரம் இல்லை, ராஜாக்கள் கட்டிய ஆடம்பர மாளிகை வரிசையும் இல்லை. வடக்கே ஓப்ராக் என்ற குளிர்ந்த புல்வெளி மேடு, தெற்கே லார்ஸாக் என்ற வறண்ட சுண்ணாம்புப் பாறை மேடு, இடையே லோத், அவேரோன், தார்ன் ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகள். உழுது பிழைக்கத் தோதான மண் குறைவு. அதனால்தான் ஆடு, மாடு, சீஸ், தோல், கத்தி என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொழில்கள் கிளைத்தன. பிழைப்பு தேடிப் பாரிஸுக்குப் போனவர்களும் ஏராளம். கரி விற்றார்கள், கூடவே ஒயின் ஊற்றினார்கள், அப்புறம் கஃபே முதலாளி ஆனார்கள். பாரிஸின் பெயர் பெற்ற கஃபேக்கள் பலவற்றின் பின்னால் ஒரு அவேரோன் குடும்பம் இருந்திருக்கிறது. இன்னும் தூரம் போனவர்களும் உண்டு. அர்ஜென்டினாவின் பிகுவே ஊரை 1884இல் நிறுவியது இங்கிருந்து கப்பலேறிய சுமார் 40 குடும்பங்கள்.

ஊர்ப் பெயர்களை எப்படி உச்சரிப்பது?

எழுத்துக் கூட்டிப் படித்தால் ஏமாந்துபோவீர்கள். மில்லாவ் என்று எழுதியிருப்பதை மியோ என்பார்கள். கத்திக்குப் பெயர் போன லாகியோல், உள்ளூரில் லயோல். ரொதேஸில் மட்டும் கடைசி 'ஸ்' ஒலிக்கும். பிரெஞ்சு இலக்கணத்தை நம்பி ரொதே என்றால் சிரிப்பார்கள். ஊர் நுழைவாயிலில் பல இடங்களில் இரண்டு பெயர்ப்பலகை இருக்கும். இரண்டாவது ஆக்ஸித்தான் மொழி, பிரெஞ்சுக்கு முன்பு இங்கே எல்லோரும் பேசியது. சேன் கோம் தோல்த் என்ற ஊர்ப் பெயரில் வரும் 'ஓல்த்' வேறொன்றுமில்லை, லோத் ஆற்றின் பழைய பெயர்.

எப்படிப் போவது? கார் கட்டாயமா?

ஆமாம், கட்டாயம். ரொதேஸுக்கு ரயில் உண்டு. தூலூஸிலிருந்து இரண்டரை மணி நேரம் போல ஆகும். பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து இரவு ரயிலும் உண்டு, தண்டவாள வேலை நடக்கும் நாட்களில் நிறுத்திவிடுவார்கள் என்பதால் தேதி பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஆனால் ரொதேஸில் இறங்கிய பிறகு கிராமங்களுக்குப் போக பஸ்ஸை நம்பினால் பாதி விடுமுறை நிறுத்தத்திலேயே கழியும். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓடும் பஸ் விடுமுறையில் ஓடாது.

தூலூஸிலோ மோன்பெலியேவிலோ காரை வாடகைக்கு எடுப்பது நல்லது. தூலூஸிலிருந்து ரொதேஸ் இரண்டு மணி நேரம், மோன்பெலியேவிலிருந்து மியோ ஒன்றரை மணி நேரம். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வலது பக்கம் ஓடும், சாலை குறுகல், வளைவு அதிகம். ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர்களுக்குப் பயமிருக்காது. வரைபடம் 40 கிலோமீட்டர் என்று காட்டினால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே கடைசியிலிருந்து ஜூன் முடிய, இல்லாவிட்டால் செப்டம்பர். ஆகஸ்டில் பிரான்சே விடுமுறையில் இருக்கும், தேவாலயத்துக்குப் பெயர் போன கோங்க் கிராமத்தில் நடக்க இடமிருக்காது. குளிர்காலத்தில் ஓப்ராக் மேட்டில் பனி, பாதிக் கடைகள் மூடியிருக்கும்.

மே 25ஐ ஒட்டிய வார இறுதியில் வர முடிந்தால் ஓப்ராக் கிராமத்துக்கே போய்விடுங்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் இருந்த மாடுகளை மேட்டுப் புல்வெளிக்கு நடத்திக்கொண்டு போகும் நாள் அது. கோதுமை நிறம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை தீட்டினாற்போல வளையம், யாழ் போல வளைந்த கொம்பு. கொம்புக்கு நடுவே காகிதப்பூவும் கொடியும் கட்டி, கழுத்தில் பெரிய மணி மாட்டி ஓட்டி வருவார்கள். மாட்டுப் பொங்கல் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கம் தேவையில்லை. மாடுகள் அக்டோபர் நடுவில்தான் திரும்பி இறங்கும்.

மியோ பாலத்தின் மேலே போக வேண்டுமா, கீழேயிருந்து பார்த்தால் போதுமா?

தார்ன் பள்ளத்தாக்கைக் கடக்கும் நெடுஞ்சாலைப் பாலம் இது. கீழேயிருந்து பாருங்கள். மேலே போனால் பாலம் தெரியாது, சாலைதான் தெரியும். நீளம் 2,460 மீட்டர், வேக வரம்பு 110 கிலோமீட்டர், ஒன்றரை நிமிடத்துக்குள் கடந்துவிடுவீர்கள். அதற்குச் சுங்கம் வேறு, கோடையில் கட்டணம் கூடுதல்.

2004 டிசம்பரில் இது திறப்பதற்கு முன்பு, கோடை விடுமுறையில் தெற்கே கடலுக்குப் போகிற கார்கள் எல்லாம் மியோ ஊருக்குள் இறங்கி ஏறி மணிக்கணக்கில் நெரிசலில் நிற்கும். பாலத்தின் கட்டமைப்பை யோசித்தவர் பொறியாளர் மிஷேல் விர்லோஜோ, வடிவம் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர். ஏழே தூண்கள். உச்சி 343 மீட்டர், ஈஃபில் கோபுரத்தைவிட உயரம்.

பார்க்க நல்ல இடம் பேர் என்ற கிராமம். குன்றின் பாறையைக் குடைந்து கட்டிய தேவாலயமும் வீடுகளும் ஒரு பக்கம், எதிரே அந்தப் பாலம். அதிகாலையில் தார்ன் ஆற்றிலிருந்து மூடுபனி எழும்பினால் தூண்கள் மறைந்து மேல்தளம் மட்டும் மிதக்கும். இதற்குக் காசு கிடையாது.

ரோக்ஃபோர் சீஸ் குகையில் பார்க்க என்ன இருக்கிறது? நாற்றம் தாங்க முடியுமா?

நாற்றத்தைவிடக் குளிர்தான் தாக்கும். கோடையிலும் உள்ளே பத்து டிகிரி போல, ஈரம் சொட்டும். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

ரோக்ஃபோர் சூர் சூல்ஸோன், சில நூறு பேர் வசிக்கும் கிராமம். பின்னால் கொம்பாலூ என்ற பாறைக்குன்று. ஆதியில் அதன் ஒரு பக்கம் சரிந்து விழுந்து, பாறைகளுக்கு இடையே பொந்துகளும் வெடிப்புகளும் உண்டாயின. வெடிப்புகளை ஃப்ளூரீன் என்கிறார்கள். வெளியே வெயிலடித்தாலும் பனி பெய்தாலும் அவற்றின் வழியாக ஈரக்காற்று ஒரே சீராக உள்ளே வந்துகொண்டிருக்கும். கையை அந்தப் பிளவருகே நீட்டிப் பாருங்கள், யாரோ மெல்ல மூச்சு விடுவது போலிருக்கும். அந்தக் காற்றில்தான் நீலப்பூஞ்சை வளர்கிறது. ரொட்டியில் வளர்த்த பூஞ்சைத் தூளைப் பாலோடு சேர்த்து, கட்டியான சீஸில் ஊசிகளால் துளை போட்டு, காற்று உள்ளே போக வழி செய்து, ஓக் மரப்பலகையில் நிறுத்தி வைப்பார்கள். மொத்தம் 90 நாளாவது ஆகாமல் விற்பனைக்கு வராது. பால் காய்ச்சாத பால், லக்கோன் இனச் செம்மறி ஆட்டுடையது மட்டும். இந்தக் குகைகளில் பதப்படுத்தாததை ரோக்ஃபோர் என்று விற்கக் கூடாது. 1411இல் ஆறாம் ஷார்ல் மன்னர் கொடுத்த உரிமைப் பட்டயத்திலிருந்து தொடங்கும் கதை இது. 1925இல் சட்டத்தின் மூலம் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு பெற்ற முதல் பிரெஞ்சு சீஸும் இதுவே.

சொசியேத்தே, பாப்பியோன் போன்ற நிறுவனங்கள் குகையைச் சுற்றிக்காட்டிக் கடைசியில் ருசி பார்க்கத் தருவார்கள். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் துண்டைத் தனியாக வாயில் போடாதீர்கள். உப்பும் காரமும் முகத்தில் அடிக்கும். ரொட்டியில் வெண்ணெயோடு தடவி, கூடவே பேரிக்காய் ஒரு கீற்று. எனக்குப் பிடிக்க மூன்று வருடம் ஆனது, என் மனைவிக்கு இன்னும் பிடிக்கவில்லை.

மியோவில் கையுறைக் கடைகளாக இருக்கிறதே, ஏன்?

அதற்கும் ரோக்ஃபோருக்கும் முடிச்சு உண்டு. பால் சீஸுக்குப் போக வேண்டுமென்றால் குட்டி சீக்கிரமே தாயைப் பிரிய வேண்டும். இறைச்சிக்குப் போகும் இளங்குட்டியின் தோல் மெல்லியது, இழுத்தால் நீளும். அதுதான் உயர்ந்த கையுறைக்கு ஏற்ற தோல். இப்படி மியோ கையுறை ஊர் ஆனது. இன்று பட்டறைகள் சிலவே மிச்சம். அவை பாரிஸின் பெரிய ஆடை நிறுவனங்களுக்குத் தைக்கின்றன. விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

மியோவை ஒட்டி லா க்ரோஃபெசென்க் என்ற அகழாய்விடம் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசு முழுவதற்கும் பளபளப்பான செந்நிறப் பாண்டங்களை ஏற்றுமதி செய்த சூளைகள். யார் யார் எத்தனை தட்டு சூளையில் வைத்தார்கள் என்ற கணக்கை உடைந்த தட்டுகளிலேயே, லத்தீனும் பழைய கோலிய மொழியும் கலந்து கீறி வைத்திருக்கிறார்கள். அரிக்கமேட்டில் கிடைத்த செந்நிற ரோமானியப் பாண்டம் இத்தாலியின் அரெட்ஸோ வகை. இது அதே தொழிலின் அடுத்த தலைமுறை. புதுச்சேரிக்காரர்கள் பத்து நிமிடமாவது நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

லார்ஸாக் மேட்டில் காந்தி பெயர் அடிபடுகிறதாமே, உண்மையா?

உண்மைதான். இந்த மாவட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதையும் இதுதான்.

லார்ஸாக்கில் ஒரு ராணுவ முகாம் இருந்தது, சுமார் 3,000 ஹெக்டேர். 1971இல் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே அதை 17,000 ஹெக்டேராகப் பெருக்கப்போவதாக அறிவித்தார். மேலே ஆட்டுக்காரர்கள் கொஞ்சம் பேர்தானே, எழுந்து போய்விடுவார்கள் என்று எண்ணம். மறுவருடம் லான்ஸா தெல் வாஸ்தோ அங்கே வந்தார். இத்தாலியில் பிறந்தவர். 1937இல் வார்தாவில் காந்தியோடு தங்கி, அவரிடம் சாந்திதாஸ் என்ற பெயர் பெற்றவர். லா கவால்ரி கிராமத்தில் 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். உண்ணாவிரதம் முடியும் தறுவாயில் 103 விவசாயிகள் ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள்: யாரும் தனியாக நிலத்தை விற்க மாட்டோம். பழுத்த கத்தோலிக்கர்கள், அதுவரை அரசாங்கத்துக்கே ஓட்டுப் போட்டவர்கள்.

அப்புறம் பத்து வருடம். 1972 அக்டோபரில் அறுபது ஆடுகளைக் கொண்டுபோய் ஈஃபில் கோபுரத்தின் அடியில் மேய விட்டார்கள். டிராக்டரில் ஊர்வலம் போனார்கள். 1978இல் பாரிஸுக்கு நடந்தே போனார்கள். லா ப்ளாக்கியேரில் அனுமதி இல்லாமலே கல்லில் ஒரு பெரிய ஆட்டுப்பட்டி கட்டினார்கள். வந்த தொண்டர்கள் கல் சுமந்தார்கள், வரியில் மூன்று சதவீதத்தைக் கட்ட மறுத்தவர்கள் அந்தப் பணத்தை அனுப்பினார்கள். 1981இல் மித்தெரான் ஜனாதிபதியானதும் திட்டம் கைவிடப்பட்டது. வாங்கி வைத்திருந்த நிலத்தை அரசு விற்கவில்லை. விவசாயிகளே நடத்தும் ஒரு சங்கத்துக்கு நீண்ட கால குத்தகைக்கு விட்டது. பழைய முகாம் அப்படியே இருக்கிறது, 2016 முதல் பிரெஞ்சு ராணுவத்தின் வெளிநாட்டவர் படையணியில் (Foreign Legion) ஒரு பிரிவு அங்கே தங்கியிருக்கிறது. ஆட்டுக்காரரும் சிப்பாயும் ஒரே ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

லா ப்ளாக்கியேர் பட்டி இன்னும் நிற்கிறது. அதே மேட்டில் லா கூவெர்துவாராத், சிலுவைப் போர்க் காலத் துறவி வீரர்களான டெம்ப்ளர்கள் தொடங்கிய மதில்சூழ் கிராமம். அதன் வாசலுக்கு வெளியே வட்டமாகக் கல் பாவிய ஆழமில்லாத குட்டை ஒன்றைக் காண்பீர்கள். பெயர் லவோன். சுண்ணாம்புப் பாறை மழை நீரைக் குடித்துவிடும். மேட்டில் ஓடை கிடையாது. அதனால் ஆடு தண்ணீர் குடிக்கச் சரிவாகக் கல் பதித்து வைத்திருக்கிறார்கள்.

கோங்க் தேவாலயம் மதம் சாராதவர்களுக்கும் பிடிக்குமா?

பிடிக்கும், ஒரு இரவு அங்கேயே தங்கினால். பகலில் வந்து போனால் கூட்டத்தில் முதுகுகள்தான் தெரியும்.

ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரைப் பாதையில் இருக்கும் ஊர் இது. சேந்த் ஃபோய் என்ற சிறுமிப் புனிதையின் எலும்புகளுக்காக யாத்ரீகர்கள் வந்தார்கள். அந்த எலும்புகளை 9ஆம் நூற்றாண்டில் ஆஜான் நகரிலிருந்து திருடிக்கொண்டு வந்தவரே இந்த மடத்துத் துறவிதான். அதை இவர்கள் மறைப்பதும் இல்லை. பொன்தகடு போர்த்திய அவள் சிலை கருவூலத்தில் இருக்கிறது.

வாசலுக்கு மேலே அரைவட்டக் கல்லில் இறுதித் தீர்ப்பு, 124 உருவங்கள். சொர்க்கம் அமைதியாக, கொஞ்சம் சலிப்பாகக்கூட இருக்கும். நரகப் பக்கம்தான் சுவாரசியம்: வேட்டைக்காரனைக் கம்பியில் கோத்து முயல் வாட்டுகிறது. வளைவின் விளிம்பைக் கவனியுங்கள். துணியைச் சற்றே விலக்கி எட்டிப் பார்ப்பது போலச் சின்னச் சின்ன முகங்கள். 'வம்பு பார்ப்பவர்கள்' என்று ஊரார் அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முகப்பு மேற்கே பார்த்திருப்பதால் சாயங்கால வெயிலில் பார்ப்பதே அழகு.

உள்ளே 104 சன்னல்களுக்கு ஓவியர் பியேர் சூலாஜ் அமைத்த கண்ணாடி, 1994இல் முடிந்தது. வண்ணமே இல்லை, பால் போன்ற வெண்மையும் கருங்கோடுகளும்தான். நேரத்துக்கு நேரம் அதே கண்ணாடி நீலமாகவும் ஆரஞ்சாகவும் மாறும். சூலாஜ் 1919இல் ரொதேஸில் பிறந்தவர். வாழ்நாள் முழுக்கக் கறுப்பைத் தீட்டியவர். அவருக்கென்று ரொதேஸில் 2014இல் திறந்த அருங்காட்சியகம் துருப்பிடித்த இரும்புப் பெட்டிகளாக நிற்கும். அதே ஊரில் சிவந்த மணற்கல் பேராலயமும் உண்டு, மணிக்கோபுரம் 87 மீட்டர்.

லயோல் கத்தி வாங்கலாமா? போலி நிறைய என்கிறார்களே?

கத்தியில் தேனீ முத்திரையும் 'லாகியோல்' என்ற எழுத்தும் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பெயரை நெடுங்காலம் யார் வேண்டுமானாலும் பயன்படுத்த முடிந்தது. ஆசியாவில் செய்ததும் அதே பெயரில் விற்றது. லயோல் ஊரிலேயே பட்டறைக்குப் போங்கள், கண்முன் கைப்பிடி தீட்டுவதைப் பார்த்து வாங்குங்கள். நல்ல கத்தி நூறு யூரோவுக்கு மேல்தான். பத்து யூரோவுக்குக் கிடைத்தால் அது வேறு கத்தி. ஒரு பழக்கம்: கத்தியைப் பரிசாக வாங்கியவர் ஒரு சில்லறைக் காசு திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் நட்பு அறுந்துவிடுமாம்.

சாப்பாடு எப்படி? சைவர்கள் என்ன செய்வது?

அசைவர்களுக்குத் திருவிழா. ஓப்ராக் மாட்டிறைச்சி, ஆட்டுக்கறி, பன்றித் தொத்திறைச்சி, மாட்டுக்குடலில் செய்யும் திரிப்பூ. தெக்காஸ்வில் பக்கம் எஸ்தோஃபினாத் என்ற ஒன்று கிடைக்கும். கடலே இல்லாத ஊரில் நார்வே கருவாடு! லோத் ஆற்றுப் படகுக்காரர்கள் போர்தோவிலிருந்து கொண்டுவந்த உலர்மீனை நாட்கணக்கில் ஊறவைத்து, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து மசித்து, சுடச்சுட வால்நட் எண்ணெய் ஊற்றுவார்கள். நம் நாக்குக்கு உடனே பிடிக்கும்.

சைவர்களுக்கு முதல் தேர்வு அலிகோ. மசித்த உருளைக்கிழங்கில் புதிய சீஸும் க்ரீமும் பூண்டும் போட்டு, மரக்கரண்டியால் தூக்கித் தூக்கிக் கிளறுவார்கள். பரிமாறுகிறவர் கரண்டியைத் தலைக்கு மேல் உயர்த்தினாலும் இழை அறுந்துபோகாது. கடைசியில் கத்தரிக்கோல் வைத்து வெட்டுவதும் உண்டு. கூடவே தொத்திறைச்சி வரும், வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஃபார்சூ என்ற கீரை அடை பார்க்க நம்முடையது போலவே இருக்கும். பாதி இடங்களில் உள்ளே இறைச்சி இருக்கும், கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். இன்னொன்று: இங்கத்திய பாரம்பரிய சீஸ்களுக்குப் பாலை உறைய வைப்பது இளங்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். கறாரான சைவர்களுக்கு ரோக்ஃபோரும் அலிகோவும் ஆகாது. அவர்கள் சந்தையில் காய்கறி, பழம், ரொட்டி வாங்கித் தங்குமிடத்திலேயே சமைப்பதுதான் வழி.

கடை, உணவக நேரங்கள்?

மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாடு. ஒருமுறை ஒன்றே முக்காலுக்கு ஓர் உணவகத்தில் நுழைந்தோம். அம்மா ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "அடுப்பை அணைச்சாச்சு" என்றார். அன்று மதியம் பிஸ்கட்தான். ஞாயிறு மதியத்துக்குப் பிறகும் திங்கட்கிழமையும் பெரும்பாலும் மூடல். கடைக்குள் நுழையும்போது போன்ஷூர் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுருங்கும். ஆங்கிலம் குறைவு. ஆனால் போன்ஷூர் சொன்ன பிறகு கைச்சாடைக்கே பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

குழந்தைகளோடு வருகிறோம். என்ன காட்டலாம்?

சேன் லேயோனில் பூச்சிகளுக்கென்றே மிக்ரோபோலிஸ் என்ற காட்சிக்கூடம் இருக்கிறது. பூச்சியியலாளர் ஜான் ஆன்ரி ஃபாப்ர் 1823இல் பிறந்த ஊர் அது. தார்ன் ஆற்றில் கோடையில் கனூ படகு. ஜோந்த் பள்ளத்தாக்கில், பக்கத்து மாவட்ட எல்லையில், பிணந்தின்னிக் கழுகுகள். அற்றுப்போன அவற்றை 1981 முதல் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். இப்போது செத்த ஆட்டை விவசாயிகளே அவற்றுக்கு வைக்கிறார்கள். நம் ஊரில் மாட்டுக்குப் போட்ட வலிமருந்தால் கழுகுகள் அழிந்த கதை தெரிந்தவர்களுக்கு, தலைக்கு மேலே இருபது கழுகு வட்டமிடுவது தனிக்காட்சி.

எத்தனை நாள் வேண்டும், எங்கே தங்குவது, எதை விட்டுவிடலாம்?

ஐந்து இரவு. இரண்டு மியோ பக்கம், ஒன்று கோங்க், இரண்டு லயோல் அல்லது எஸ்தேங் பக்கம். ஹோட்டலைவிட ஜீத் எனப்படும் வாடகை வீடு குடும்பத்துக்குச் சௌகரியம், சமையலறை இருக்கும். வியாழக்கிழமை கையில் இருந்தால் வில்ஃப்ரான்ஷ் த ரூவேர்க் சந்தைக்குப் போங்கள். 1252இல் திட்டமிட்டுக் கட்டிய ஊர், வளைவுத் தாழ்வாரங்களுக்கு அடியில் கடை விரிப்பார்கள். 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' பட்டியலில் இந்த மாவட்டத்துக்குப் பத்து இடம். பத்தையும் பார்க்க ஓடாதீர்கள், நாலாவதுக்குப் பிறகு எல்லாக் கல்வீடும் ஒன்றாகத் தெரியும். நஜாக், பெல்காஸ்தெல் இரண்டு போதும். பொஸூலின் குதிரைலாட வடிவப் பள்ளத்தைப் பாதையோரமாக நிறுத்திப் பார்த்தால் அரை மணி நேரத்தில் முடிந்தது.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

கத்தியைச் சரக்குப் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். ரோக்ஃபோரைக் காற்று நீக்கி அடைத்துத் தரச் சொல்லுங்கள், 'சூ வீத்' என்றால் புரியும். அப்படியும் துணிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். கூம்பில் மாவை ஊற்றி ஊற்றி விறகுத் தணலில் சுட்ட காதோ ஆ லா ப்ரோஷ் என்ற கேக், ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டு குட்டி மரம் போலிருக்கும், பல நாள் கெடாது. ஆனால் பெட்டியில் நொறுங்கும். மடியில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.